உண்ணாத சோற்றுக்கு விலை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குச் செல்லும் வீதியோரத்திற் சிறு பலசரக்குக் கடையொன்று உண்டு. அரிசி, பருப்பு, கருவாடு, சவர்க்காரம் ஆகியவற்றோடு, இக்காலத்து அத்தியாவசியப் பண்டங்களில் ஒன்றாகிவிட்ட 'ரீலோட்'டும் அங்கே விற்பனையாகும். ஒருநாள் மாலை, தோட்டத்திலிருந்து இறங்கிவந்த மூதாட்டி ஒருவர், மடியிலிருந்து நூறு ரூபாத் தாள்கள் இரண்டை எடுத்தார். ஒன்றை மேசைமீது வைத்துவிட்டு, மற்றதைத் திரும்பவும் மடியில் முடிந்துகொண்டார். பொத்தான்கள் தேய்ந்துபோன பழைய கைத்தொலைபேசியொன்றையும் தாளின் அருகே வைத்தார்.

"நூறு ரூபாவுக்குப் போடுங்க தம்பி. கொழும்பில இருக்கிற மகன்கூடப் பேசணும்."

கடைக்கார இளைஞர் நல்லவர். வருவோரின் நன்மையை நாடுபவர். "பாட்டி, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குடுத்தீங்கன்னா ஒரு பக்கேஜ் போட்டுவிடுறேன். பேசவும் செய்யலாம், டேட்டாவும் கிடைக்கும். ராத்திரிக்குன்னு தனியா வேற டேட்டா வரும்" என்றார்.

"ராத்திரியில எனக்கு என்னத்துக்குத் தம்பி அது? நான் தூங்க வேண்டாமா?"

கடையில் நின்றவர்கள் யாவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மூதாட்டியின் கேள்வி என்னை விட்டகலவில்லை. அவருடைய கைத்தொலைபேசியிலே இணையம் இல்லை. இருந்தாலும் அதைப் பாவிக்க அவர் அறியார். தூங்கும் நேரத்திற் கிடைக்கும் ஒரு பொருளுக்கு அவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? பல சேவைகளை ஒரே கட்டாகக் கட்டி விற்கும்போது, அக்கட்டிலே நாம் தொட்டும் பாராத பகுதிக்கும் விலை கொடுப்பது முறையாகுமா? வீடுதோறும் மாதாமாதம் செலவழியும் பணத்தைப் பற்றிய கேள்வியாதலால், குடும்பத்தினர் யாவரும், சிறப்பாக மாணவர்களும், இதனைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

பேச்சை அளந்து விற்ற காலம்

தபாற் கந்தோரிலே காத்திருந்து தூர இடங்களுக்குத் தொலைபேசியிற் பேசிய காலத்தைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளில் 'டிரங் கோல்' என்பது மூன்று நிமிட அளவாகக் கணிக்கப்பட்டது. ஒரு நிமிடத்திற் செய்தியைச் சொல்லி முடித்தவரும் மூன்று நிமிடத்துக்கே கட்டணம் செலுத்தினார். ஆகவே, பாவிக்காத பகுதிக்குப் பணம் கொடுப்பது முற்றிலும் புதிய வழக்கமன்று. ஆயினும், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989ஆம் ஆண்டில் செல்டெல் நிறுவனத்தாற் தொடங்கப்பட்டது. தென்னாசியாவிலேயே அதுதான் முதலாவது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வேறு நிறுவனங்களும் வந்தன. 1995இல் டயலொக் தனது சேவையை ஆரம்பித்தது. செல்வந்தரின் காரிலும் கந்தோரிலும் மாத்திரம் காணப்பட்ட கருவி, இருபது ஆண்டுகளுக்குள் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பிலும், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை சுமப்பவரின் சட்டைப்பையிலும் இடம்பிடித்துவிட்டது. நிறுவனங்களோ காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்து குறைந்தன. 2024ஆம் ஆண்டில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தபின், டயலொக், எஸ்.எல்.ரி.–மொபிட்டல், ஹட்ச் என்னும் மூன்றுமே எஞ்சின.

ஆரம்பத்தில் நிமிடக் கணக்கிற் பேச்சு விற்கப்பட்டது. இணையம் வந்தபின், பேச்சு, குறுஞ்செய்தி, டேட்டா ஆகியவற்றை ஒன்றாய்க் கட்டி, இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று விலை குறிக்கும் 'பொதி' முறை வளர்ந்தது. பேச்சு வழக்கில் நாம் பக்கேஜ் என்று சொல்வது இதனைத்தான். நம் நாட்டுப் பொதிகளில் நீண்டகாலமாகக் காணப்படும் ஒரு விசேஷம், டேட்டாவைப் பகலுக்கென்றும் இரவுக்கென்றும் பிரித்துக் கொடுப்பதாகும். எந்நேரமும் பாவிக்கத்தக்க டேட்டா ஒருபங்கு. நள்ளிரவு 12 மணிக்குப்பின் விடியும் வரை மாத்திரம் பாவிக்கத்தக்க டேட்டா மற்றொரு பங்கு; பல பொதிகளில் இரண்டாவதே பெரிய பங்கு. இரண்டையும் கூட்டிவரும் மொத்தத்தையே விளம்பரங்கள் கொட்டை எழுத்திற் காட்டும். அதைப் பார்த்து, "இவ்வளவு டேட்டா இவ்வளவு மலிவா!" என்று வியந்து வாங்குகிறோம். மாதமுடிவில், பகற்பங்கு பத்துநாள் முந்தியே தீர்ந்துவிட, இராப்பங்கு அப்படியே கிடந்து அழிகிறது.

நிறுவனத்தார் கூறும் நியாயம்

ஒரு பக்கத்து வாதத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையன்று. நிறுவனத்தார் பக்கத்திலும் நியாயம் உண்டு.

ரிவர்ஸ்டன் உச்சியில் மூடுபனிக்கிடையே நிற்கும் தொடர்பாடற் கோபுரத்தை, அங்கு உல்லாசப் பயணம் சென்றோர் கண்டிருப்பர். தும்பறை மலைத்தொடரின் சரிவுகளிலே இத்தகைய கோபுரங்களை நிறுத்துவதும், அவற்றுக்கு மின்சாரம் கொடுப்பதும், மழையும் மின்னலும் தாக்கும்போது பழுது பார்ப்பதும் பெருஞ் செலவு பிடிக்கும் காரியங்கள். அச்செலவு, அக்கோபுரத்தின் வழியாக நூறு பேர் பேசினாலும் ஆயிரம் பேர் பேசினாலும் பெரிதாக வேறுபடாது. இரவிலே கோபுரம் வெறுமனே நிற்கிறது. அந்நேரத்தில் எவரேனும் அதைப் பாவித்தால் நிறுவனத்துக்கு மேலதிகச் செலவு மிகச் சொற்பம். ஆகவேதான் இரா டேட்டாவை அவர்கள் தாராளமாக அள்ளிக் கொடுக்கிறார்கள். "அதற்கு நாம் விலையே வைக்கவில்லை, பகல் டேட்டாவை வாங்கியவருக்கு அன்பளிப்பாகத் தருகிறோம்" என்பது அவர்கள் கூற்று.

இதனைச் சாப்பாட்டுக் கடையோடு ஒப்பிடலாம். மத்தியானச் சாப்பாடு ஒரே விலை; சோறு எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பாரம் இறக்கிவிட்டு வந்த தொழிலாளி மூன்று முறை வாங்குவார். கந்தோர் எழுதுவினைஞர் முதற்சோற்றிலேயே பாதியை மிச்சம் வைப்பார். கடைக்காரர் இருவர் உண்ணும் அளவையும் மனதிற்கொண்டு, நடுத்தரமாக ஒரு விலையை நிர்ணயிக்கிறார். கரண்டிக் கணக்கிற் சோற்றை அளந்து விலைபேசத் தொடங்கினால், கணக்கெழுத ஓர் ஆள் வேண்டும். அவர் சம்பளமும் சோற்றின் விலையிற்றான் ஏறும். பொதியும் இத்தகையதே. நாம் மிச்சம் வைப்போம் என்பதை எதிர்பார்த்தே அதன் விலை குறைக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் முழுமையாகப் பாவித்தால் அந்த விலைக்கு ஒருவராலும் விற்க இயலாது.

மேலும், பொதுவான செலவில் ஒவ்வொருவரும் ஒரு பங்கு ஏற்கத்தான் வேண்டும். மாத்தளை மாவட்டத்தாருக்கு இந்த வழக்கு புதிதன்று. 1848ஆம் ஆண்டில் இங்கே மூண்ட கிளர்ச்சிக்கு, துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் விதித்த வரிகளோடு, ஆண்கள் யாவரும் ஆண்டில் ஆறுநாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டுதல் வேண்டும் என்ற சட்டமும் காரணமாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்குப் பயன்படும் வீதிக்கு நாங்கள் ஏன் உழைக்க வேண்டும் என்று கிராமத்தார் கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆயினும், வீதியென்று ஒன்று வேண்டும், அதற்கு யாரேனும் பணம் தரத்தான் வேண்டும் என்பதும் மறுக்க முடியாதது. பங்கு கேட்பதிற் குற்றமில்லை. எவரிடம் எவ்வளவு கேட்பது என்பதிலேதான் வழக்கு இருக்கிறது.

சுமை யார் தலையில்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சாப்பாட்டுக் கடை உவமையிலேயே விடையும் இருக்கிறது. குறைவாக உண்பவர் கொடுக்கும் மிகுதிப் பணத்தினால் அதிகமாக உண்பவர் மலிவாக உண்கிறார். கடையிலே அதிகம் உண்பவர் உழைத்துக் களைத்தவர். எனவே நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. தொலைபேசிப் பொதியிலோ நிலைமை தலைகீழாக இருக்கிறது. விலையுயர்ந்த கருவியை வைத்துக்கொண்டு நாள்முழுதும் படம் பார்ப்பவரே அதிகம் உண்பவர். வாரத்தில் இருமுறை மகனோடு பேசும் தோட்டத்து மூதாட்டி குறைவாக உண்பவர். இல்லாதவர் கையிலிருந்து இருப்பவர் கைக்குப் பணம் சத்தமின்றிப் போய்ச் சேர்கிறது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். மாணவர்கள் இதனைத் தாளிற் போட்டுப் பார்க்கலாம். ஒரு பொதியின் விலை 600 ரூபா. அதில் 30 ஜிகாபைட் டேட்டா இருக்கிறது. எந்நேரமும் பாவிப்பது 10, இரவுக்கு 20. விளம்பரப்படி ஒரு ஜிகாபைட் 20 ரூபா. ஒரு குடும்பம் பகற்பங்கில் 8ஐயும் இராப்பங்கில் 2ஐயும் பாவித்தது என்க. ஆக 10 ஜிகாபைட்டுக்கு அவர்கள் 600 ரூபா கொடுத்தனர். ஒன்றின் உண்மை விலை 60 ரூபா. எழுதியிருந்த விலை ஒன்று, கொடுத்த விலை அதைப்போல் மும்மடங்கு!

இதனுள் வரியும் அடங்கியிருக்கிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. 600 ரூபாவுக்குள் அவ்வீதப்படி அடங்கும் வரி மாத்திரம் ஏறத்தாழ 91 ரூபா. பொதியில் மூன்றில் இரண்டு பங்கு பாவிக்கப்படாது போயிற்றென்றால், அவ்வரியிற் சுமார் 61 ரூபா பாவிக்காத பொருளுக்குக் கட்டிய வரியாகும். அதற்குமுன், 2022 செப்டெம்பரிற் தொலைபேசிக் கட்டணங்களை 20 வீதத்தால் உயர்த்த அனுமதி கொடுக்கப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்வதற்கு எத்தனை போராட்டம் நடந்தது என்பதை மலையகத்தார் அறிவர். 2024ஆம் ஆண்டின் அச்சம்பளப்படி, அத்தகைய குடும்பத்துக்கு 600 ரூபா ஏறத்தாழ அரைநாட் கூலியாக இருந்தது.

பழைய தோட்டத்து வாழ்க்கையை அறிந்த முதியோர் ஒரு சங்கதி சொல்வதுண்டு. மாதச் சம்பளத்திலிருந்து சலவைக்காரருக்கென்றும் முடிதிருத்துவோருக்கென்றும் ஒரு தொகை பிடிக்கப்படும். துணி கொடுத்த வீட்டாருக்கும் அதே பிடிப்பு; தம் துணியைத் தாமே பீலிக்கரையிற் துவைத்துக்கொண்ட வீட்டாருக்கும் அதே பிடிப்பு. தொகை சிறியதுதான். "எங்களைக் கேட்காமற் பிடித்தார்களே" என்பதுதான் அவர்களுடைய மனக்குறை. இன்றைய பொதியிலும் மனத்தை உறுத்துவது இதுவே. வேண்டுமா என்று கேட்கப்படாத பொருளுக்கு விலை வாங்கப்படுகிறது.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் காட்டுவழி நடந்து, பாறையின்மீதேறிச் சமிக்ஞை தேடிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. பல்கலைக்கழக மாணவருக்கு, 'லேர்ன்' எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக, டேட்டாக் கட்டணமின்றி வகுப்பிற் சேர வசதி செய்யப்பட்டது. அது போற்றத்தக்க செயல். பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோரோ பொதிகளை நம்பியே இருந்தனர். வகுப்பு நடப்பது காலை எட்டு மணிக்கு. டேட்டா மிஞ்சிக் கிடப்பது நள்ளிரவுக்குப் பின். பிள்ளையின் பாடத்துக்குப் பகல் டேட்டா போதாமல் இன்னொரு பொதி வாங்கிய தந்தையிடம், இரா டேட்டா மலைபோற் குவிந்து கிடந்தது. பசித்த நேரத்திற் சோறில்லை. சோறிருந்த நேரத்தில் உறக்கம். இத்தகைய மனக்குறைகள் பெருகியதனாலேயே வரையறையற்ற டேட்டாப் பொதிகள் வேண்டுமென்று பாவனையாளர் குரலெழுப்பினர். 2021ஆம் ஆண்டில் அத்தகைய பொதிகளுக்கு ஆணைக்குழுவின் அனுமதி கிடைத்தது. அதிகம் பாவிப்போரின் குறை ஒருவாறு கேட்கப்பட்டது. குறைவாகப் பாவிப்போருக்காகக் குரல் கொடுக்க எவரும் எழவில்லை.

அயல்நாட்டு அனுபவம்

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவில் நடந்தது நமக்கு நல்ல பாடமாகும். 2016 செப்டெம்பரில் ஜியோ நிறுவனம் பேச்சைத் தனியாக விற்காமல் டேட்டாவோடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. டேட்டாவின் விலை வீழ்ந்தது, கோடிக்கணக்கானோர் பயனடைந்தனர். ஆனால் மற்ற நிறுவனங்களும் அவ்வழியே செல்லவே, சில்லறையாகப் பணம் போட்டு, வேண்டும்போது பேசும் பழைய முறை மெல்ல மறைந்தது. 2018இன் இறுதியில், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாவுக்கேனும் நிரப்பினாற்றான் இணைப்பு நிலைக்கும் என்று பெரிய நிறுவனங்கள் விதித்தன. சில ஆண்டுகளில் அந்தக் குறைந்த தொகை பன்மடங்காயிற்று. 2024 ஜூலை விலையேற்றத்தின்பின் எயார்டெல்லில் அது 199 ரூபாவை எட்டியது. மாதம் என்பதை 28 நாளாக்கியதிலும் ஒரு நுட்பம் இருந்தது. 28ஐப் பதின்மூன்றாற் பெருக்கினால் 364. அதாவது, பன்னிரண்டு மாத ஆண்டிற் பதின்மூன்று கட்டணம்! இதைக் கண்டு, முப்பது நாட் பொதியொன்றையேனும் வைத்தல் வேண்டுமென்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது.

பின்னர் 2024 டிசெம்பர் 23ஆந் திகதி அவ்வாணையம் மேலும் ஒருபடி சென்றது. டேட்டா இல்லாமற் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மாத்திரமான பொதியொன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் விற்றாக வேண்டும் என்று விதித்தது. இத்தகைய பொதிகளின் உச்சக் காலவரையறையும் 90 நாளிலிருந்து 365 நாளாக நீட்டப்பட்டது. சாதாரணப் பொத்தான் தொலைபேசியை வைத்திருப்போர் ஏறத்தாழ 15 கோடிப் பேர் அந்நாட்டில் இருந்தனர். அவர்களும், முதியோரும், வீட்டிலே வேறு இணைய வசதி உள்ளோரும் வேண்டாத டேட்டாவுக்குப் பணம் கட்ட நிர்ப்பந்திக்கப்படலாகாது என்பதே காரணம்.

அதன் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. 84 நாளுக்குப் பேச்சோடு 6 ஜிகாபைட் டேட்டாவும் சேர்த்து 509 ரூபாவுக்கு எயார்டெல் விற்ற பொதி, 2025 ஜனவரியில் டேட்டா நீக்கப்பட்டு 499 ரூபாவாக மாறியது. நீக்கிய டேட்டாவின் மதிப்பு வெறும் பத்து ரூபா! விலைகளை ஆராயப்போவதாக ஆணையம் அறிவித்தபின், சில நாள்களுக்குள் அது 469 ரூபாவாக இறங்கியது. சட்டம் வாசலைத் திறந்துவைத்தால் மாத்திரம் போதாது, வாசலில் வாங்கும் காசையும் கண்காணிக்க வேண்டும் என்பது இதனாற் தெளிவாகிறது.

தென்னாபிரிக்கா வேறொரு வழியை மேற்கொண்டது. மிஞ்சிய டேட்டாவை அடுத்த காலத்துக்குக் கொண்டுசெல்லவும், உறவினருக்கோ நண்பருக்கோ மாற்றிக் கொடுக்கவும் நிறுவனங்கள் வழிசெய்தல் வேண்டும் என்ற விதி அங்கே 2019இல் நடைமுறைக்கு வந்தது. பொதி தீர்ந்தபின் பாவனையாளரின் சம்மதமின்றி அதிக விலையில் டேட்டாவை வெட்டிக்கொள்வதும் தடுக்கப்பட்டது. "டேட்டா விலை வீழ்க" என்று 2016 முதல் அந்நாட்டு மக்கள் எழுப்பிய முழக்கத்தின் விளைவு அது.

ஆனால் கட்டைப் பிரித்துவிட்டால் எல்லோருக்கும் மலிவு வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. தொலைக்காட்சி அலைவரிசைகளை வேண்டியவாறு ஒவ்வொன்றாகத் தெரிந்து வாங்கும் முறை 2019 பெப்ரவரியில் இந்தியாவில் அமுலானபோது, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் மகிழ்ந்தன. பட்டியல் வந்தபோதோ, முன்பிலும் அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கிறதே என்ற முறைப்பாடு பல வீடுகளிலிருந்து எழுந்தது. ஒன்றிரண்டு அலைவரிசைகளோடு திருப்தியடைந்தவர் பயனடைந்தார். பலவற்றை விரும்பியவர் தனித்தனியே வாங்கி நட்டப்பட்டார். 2020 ஜனவரியில் அவ்விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே, பொதி முறையையே ஒழித்துவிட வேண்டும் என்று கோருவது பெருங் குடும்பங்களுக்கும் மாணவருக்கும் தீங்காக முடியலாம்.

நம் நாட்டுக்கு எது வேண்டும்?

நல்லவேளையாக, நம் நாட்டிலே வாசல் இன்னும் மூடப்படவில்லை. பேச்சுக்கென்று தனிப்பொதிகள் இருக்கின்றன. பொதியே இல்லாமல் நிமிடக் கணக்கிற் பேசவும் முடிகிறது. ஆயினும் விளம்பரங்கள் அவற்றைச் சொல்வதில்லை. கடைக்காரரும் பெரும்பாலும் கட்டையே எடுத்து நீட்டுகிறார். கேட்பாரற்ற பொருள் நாளடைவிற் கடையிலிருந்து மறைந்துவிடும் என்பது வியாபார உலகின் இயல்பு. விற்பவர் மூவராகக் குறைந்துவிட்ட நிலையில், அது மறைந்தால் திரும்பப் பெறுவது எளிதன்று. இந்தியாவில் 2018இல் மூடிய வாசலைத் திறப்பதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன.

இலங்கையில் இதனைக் கவனிக்கும் பொறுப்பு, 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996இற் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக அமைந்த இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைச் சேர்ந்தது. கட்டணங்கள் அதன் அனுமதியோடுதான் நடைமுறைக்கு வருகின்றன. ஆகையால் மூன்று காரியங்களை அதனிடம் நாம் கேட்பது நியாயமாகும்.

முதலாவது, பேச்சுக்கு மாத்திரமான மலிவான வழி எந்நிறுவனத்திலும் எக்காலத்திலும் இருத்தல் வேண்டும். அது பெரிய பொதிகளுக்கருகே அதேயளவு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், கடைதோறும் காட்டப்படல் வேண்டும். இரண்டாவது, பணம் கொடுத்து வாங்கிய டேட்டா மிஞ்சினால், குறைந்தது அடுத்த மாதத்துக்கேனும் செல்லுபடியாதல் வேண்டும். மூன்றாவது, பகற்பங்கையும் இராப்பங்கையும் கூட்டி ஒரே தொகையாக விளம்பரம் செய்தல் ஆகாது; நிறுத்தல் அளவையைப் போலவே இதுவும் நேர்மையாக இருத்தல் வேண்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளவு தெரியாமற் போடுவதுதான் உண்மையான நட்டம்.

கோபுரச் செலவுக்கு யார் பணம் தருவது என்று நிறுவனத்தார் கேட்கலாம். அதற்கு முன்மாதிரி நமது வீட்டிலேயே இருக்கிறது. மின்சாரப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நிலையான கட்டணம் ஒன்றும், பாவித்த அலகுகளுக்கான கட்டணம் ஒன்றும் தனித்தனியாகக் காணப்படும். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு யாத்திரை போனவரும் நிலையான கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும். கம்பி அவர் வீட்டுவரை வந்திருக்கிறதல்லவா? ஆனால் அவர் ஏற்றாத விளக்குக்கு அவரிடம் எவரும் பணம் கேட்பதில்லை. கோபுரத்துக்கென்று ஒரு சிறு தொகை, பாவித்ததற்கென்று ஒரு தொகை என்று தொலைபேசியிலும் பிரித்துக் காட்டும் ஒரு வழி, விரும்புவோர்க்கு இருத்தல் கூடாதா?

வீட்டிற் செய்யத்தக்கது

சட்டம் வரும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் ஒரு கொப்பியை எடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவர் கைத்தொலைபேசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். மாதத் தொடக்கத்திற் போட்ட பணம், பொதியில் இருந்த அளவு, மாதமுடிவில் மிஞ்சிய அளவு என்னும் மூன்றையும் மூன்று மாதம் குறித்துவரட்டும். பாவித்த அளவாற் கொடுத்த பணத்தை வகுத்தால், பொதியின் உண்மை விலை வெளிப்படும். அதன்பின் பெரிய பொதியை விட்டுச் சிறியதற்கு மாறலாம். ஒரு வீட்டில் ஒருவரே பெரிய பொதி வைத்து, மற்றவர்களுக்கு அதிலிருந்து இணையம் பகிரலாம். பெரிய கோப்புகளையும் வினாத்தாள்களையும் இரவில் இறக்கிவைத்துப் பகலிற் படிக்கலாம். அப்பாவினதும் பாட்டியினதும் தொலைபேசிகளில், அவர்கள் அறியாமல் நாள்தோறும் காசு பிடிக்கும் அழைப்புப் பாட்டு, சோதிடச் செய்தி முதலியன சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து நிறுத்திவிடுவதும் பிள்ளைகளின் கடமை. நிறுத்தியும் பிடிப்புத் தொடருமாயின், முதலில் நிறுவனத்துக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் எழுத்திலே முறையிடலாம்.

சில நூறு ரூபாவுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று சிலர் எண்ணக்கூடும். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்து மலைப்பகுதிகளும் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்டன. பாதைகள் உடைந்தன, மின்சாரம் நின்றது, பல இடங்களிற் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. அந்நாள்களில் வெளியூரிலிருந்த பிள்ளைகளும் மலையிலிருந்த பெற்றோரும் ஏங்கியது ஒரு நிமிடப் பேச்சுக்கேயாகும். "நாங்க நல்லா இருக்கோம்" என்ற மூன்று சொற்களுக்காகவே எத்தனையோ வீடுகள் விழித்திருந்தன. அந்த ஒரு நிமிடம், இல்லாதவர் கைக்கு எட்டும் விலையில் என்றும் இருத்தல் வேண்டும். அதனோடு வேறெதையும் வாங்கினாற்றான் அது கிடைக்கும் என்ற நாள் வருமாயின், முதலில் வாய் அடைபடுவது அதிகம் பேசாத ஏழைகளுக்கே.

இரத்தோட்டை வீதிக் கடையில் அன்று நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். கடைக்கார இளைஞர் சிரித்துக்கொண்டே, மூதாட்டி கேட்டபடி நூறு ரூபாவுக்கு மாத்திரம் நிரப்பிக் கொடுத்தார். அவர் கடைவாசலிலேயே நின்று மகனை அழைத்து, இரண்டு நிமிடம் பேசினார்; மருமகளையும் பேரப்பிள்ளையையும் விசாரித்தார்; வைத்துவிட்டார். பிறகு மடியைத் தடவிப் பார்த்து, மற்ற நூறு ரூபாத் தாள் பத்திரமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இருட்டுமுன் மலையேறப் புறப்பட்டார்.